பத்தாவது நிமிடத்தில் கொலைகாரன்

படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் சிவானந்தன் வலது கைச் சுட்டுவிரலைத் தூக்குவார். அதைத் தொலைக்காட்சிக்கு நேரே நீட்டி, "இவன்தான்" என்பார். லண்டன் இல்ஃபோர்ட்டில் அவர் வீட்டின் முன்னறையில் முப்பது வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது. இத்தனை காலத்தில் அவர் சுட்டியவர்களில் ஒருவர்கூடக் கொலைகாரராக இருந்ததில்லை. சிலர் அடுத்த பத்து நிமிடத்தில் தாங்களே கொலையாகிப் போவார்கள். அதற்கும் அவர் அசையமாட்டார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, "நான் முதலே நினைச்சனான்" என்று சொல்லிக் கால்களை நீட்டிக்கொள்வார்.

செல்வமலர் கதவோரக் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்தபடி எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று போனவள். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் கொலைகாரனை அவள் ஏழாவது நிமிடத்திலேயே பிடித்துவிடுவாள். அதில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. அந்தப் படங்களில் கொஞ்சம் பெயர் தெரிந்த நடிகர் ஒருவரைத்தான் கூலிக்குப் பிடிக்க முடியும். அவர் ஒரு வேலையும் இல்லாமல், கையில் கிளாசோடு மூலையில் நின்றால், அவர்தான் கொலை செய்தவர். சம்பளம் கூடிய ஆளைச் சும்மா நிற்க வைக்க யாருக்கு மனம் வரும்?

இதை அவள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், கலியாணமாகி வந்த முதல் மாரிகாலத்தில். சிவானந்தன் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் வெங்காயத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

எழுபது வருடத்துக்கு முன்னர் இதே லண்டனில் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள் அவை. ஒரு மணி நேரம், மிஞ்சினால் இன்னும் பத்து நிமிடம். தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால், ஆட்கள் கோட்டைக் கழற்றி இருக்கை தேடும் நேரத்தில் ஓடுவதற்கென்றே செய்தவை. காசில்லாத குறை எல்லா இடத்திலும் தெரியும். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். பிணமாகப் படுக்க ஆள் கிடைக்காவிட்டால் சோபாவுக்குப் பின்னால் இரண்டு சப்பாத்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வாரம் பிரபுவின் மாளிகையில் இருந்த மாடிப்படி அடுத்த வாரம் மலிவு விடுதியில் இருக்கும். வீதி வேண்டுமென்றால் புகையை அடித்துவிட்டுப் பனிமூட்டம் என்பார்கள். துப்பறிவாளர் மழைக்கோட்டின் கொலரைத் தூக்கிவிட்டுச் சிகரெட் பிடிப்பார். தொலைபேசி எடுப்பது, முகவரி தேடுவது, ஆளைக் கண்டுபிடிப்பது எல்லாம் அவருடைய காரியதரிசிப் பெண். கடைசியில் அவளுக்கு ஒரு சொக்கிலேட் பெட்டி கிடைக்கும்.

சிவானந்தன் ஆங்கிலம் படித்ததும் இவற்றில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இரவில் பெட்ரோல் நிலையத்தில் காசாளராக நின்று, பகலில் நான்கு பேர் பங்குபோட்ட அறையில் நித்திரை வராமல் கிடந்த காலத்தில், பழைய தொலைக்காட்சி பிற்பகல்களில் இவற்றைத்தான் காட்டியது. ஆகவே அவருடைய ஆங்கிலத்துக்கு அவரை விட வயது அதிகம். காஸ் மீற்றர் பார்க்க வந்த பையனிடம் உள்ளே வருவதற்கு முன் தன்னை யாரென்று நிரூபிக்கும்படி கேட்பார். டொக்டர் தாமதித்தால் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் திருப்திகரமான விளக்கம் ஒன்றை எதிர்பார்ப்பதாகச் சொல்வார். மகள் ஜதுர்ஷிகா பள்ளிக்கூடத்தில் இருந்த நாளில், வகுப்பில் பேனை காணாமல் போனது பற்றி ஆசிரியை பேச அழைத்தபோது, ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ஆசிரியை எங்கே இருந்தார் என்று கேட்டுவிட்டு வந்தவர். மகள் அதன் பிறகு பள்ளிக்கூடக் கடிதங்களைத் தாயிடம்தான் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள், முப்பது வயதில், கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் நல்ல வேலையில் இருந்துகொண்டு, ராஜீவ் என்ற பையனைக் கூட்டிவந்து நிறுத்தினாள். திருச்சிப் பக்கம். கணினி வேலை. தாயும் தகப்பனும் பதினைந்து வருடமாக இங்கேதான்.

யாழ்ப்பாணத்துப் பையன் என்றால் இது மூன்று தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம். எந்த ஊர், ஆருடைய மகன், தாய் எந்தப் பக்கம். தென் லண்டன் மோர்டனில் கீர்த்தனன் என்றொருவர் இருக்கிறார். அவரைக் கேட்டால் அவர் பாரிசைக் கேட்பார், பாரிஸ் கனடாவில் ரொறன்ரோவைக் கேட்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பையனின் பூட்டன் காணி வழக்கில் தோற்றது வரைக்கும் வந்துவிடும். விசாரிப்பு என்று அதற்குப் பெயர். ராஜீவ் விஷயத்தில் மோர்டன் கையை விரித்தது. பாரிஸ் சிரித்தது. ரொறன்ரோ, திருச்சி என்றால் இந்தியாவில் எந்தக் கரையில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டது.

"விசாரிக்க ஏலாத ஒரு பெடியன்," என்றார் சிவானந்தன். சொன்ன விதத்தில் கவலையை விட ஆசைதான் கூட இருந்தது. முப்பது வருடமாகக் காத்திருந்த வழக்கு அவருக்குக் கிடைத்துவிட்டது.

அவர் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அப்போது ஆறு மாதம். பழைய உடுப்பு விற்கும் தருமக் கடையில் ஒரு மழைக்கோட்டு வாங்கினார். அது அவரையும் இன்னொருவரையும் சேர்த்து மூடும். ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம். முடிவு எப்போது என்று மகள் கேட்கும்போதெல்லாம், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்றார். ஒரு வருடம் போனது. பிறகு இன்னும் கொஞ்சம் போனது.

முதன்முதலாக ராஜீவைப் பின்தொடர்ந்த நாளில், எலிசபெத் ரயிலில் இலவசப் பத்திரிகையை முகத்துக்கு முன்னால் பிடித்தபடி நின்றார். மூன்றாவது தரிப்பிடத்தில் ராஜீவ் எழுந்து வந்து, "அங்கிள், நீங்க உக்காருங்க" என்று தன் இருக்கையைக் கொடுத்தான். சிவானந்தன் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: அளவுக்கு மிஞ்சிய மரியாதை. செல்வமலருக்கு அதை வாசித்தும் காட்டினார். படங்களில் கதவைத் திறந்து பிடிக்கிறவன்தான் கழுத்தையும் நெரிப்பான் என்று விளக்கினார்.

அவர் இப்படி வெளியே அலைந்த நாட்களில் செல்வமலர் வீட்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை கழிந்த பிறகுதான் அவள் கவனித்தாள். மகளின் வெள்ளை பிளவுஸ் ஒன்றில், கொலருக்கு உட்புறம், பின்கழுத்து படும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. அடுத்த வாரம் இன்னொரு பிளவுசில். பிறகு நீல நிற பிளவுசிலும். கறி பட்டால் முன்னால் படும். இது பின்னால், நூல் பிடித்தாற்போல் ஒரே வளைவு. செல்வமலர் பிளவுசைக் கையில் வைத்துக்கொண்டு தோய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். எங்கள் ஆட்கள் தாலிக்கொடியைத் தங்கத்தில் போடுவார்கள். மஞ்சள் பூசிய கயிற்றில் தாலி கட்டுவது ராஜீவின் ஆட்கள்.

அதற்குப் பிறகு பார்க்கப் பார்க்க எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு வியாழனும் வேலை பிந்துகிறது, தோழி தனுஷியா வீட்டில் தங்குகிறேன் என்பாள் மகள். வெள்ளிக்கிழமை வரும்போது அவளுடைய கோட்டில் பெருங்காயம் மணக்கும். தனுஷியாவின் தாய் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை. அவர்கள் வீட்டுக் குசினியில் பெருங்காயம் இருக்க நியாயமில்லை. ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவள் "ஆமா" என்றாள். ஆமாவுக்கு ஓம் என்று சொல்லி வளர்ந்த பிள்ளை.

செல்வமலர் தேசிக்காய்ச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். கறை போனது. பிளவுசை அழுத்தி மடித்து மகளின் கட்டிலில் வைத்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. கோபம் இல்லையென்று இல்லை. தாலி கட்டும்போது ஆரோ ஒரு தாய் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், நான் இங்கே வேலை செய்யும் பள்ளிக்கூடக் குசினியில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன் என்ற நினைப்பு, ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் வந்தது. மகள் வாய் திறந்து சொல்லட்டும் என்று பார்த்தாள். அதே வேளையில், சிவானந்தன் அறிந்தால் மகளை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார், பிறகு அவளை ஞாயிற்றுக்கிழமையில்கூடப் பார்க்க முடியாது என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தில் அவளும் கறைகளை அழித்துக்கொண்டே இருந்தாள்.

புரட்டாதியில் சிவானந்தனுக்குத் துப்பு கிடைத்தது. ஒரு வியாழன் மாலை, லிவர்பூல் வீதியிலிருந்து ராஜீவைப் பின்தொடர்ந்தார். பையன் ஈஸ்ட் ஹாமில் இறங்கி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி, கடைசியில் ஒரு முழம் மல்லிகைப்பூவும் வாங்கினான். கலியாணமாகாத பையனுக்கு எதற்கு மல்லிகைப்பூ? அங்கிருந்து பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மாடிக் குடியிருப்பு. சிவானந்தன் எதிரே பஸ் தரிப்பிடத்தில் நின்றார். குளிர். வயது அறுபத்தேழு. படத்துத் துப்பறிவாளர்களுக்குச் சிறுநீர் வருவதில்லை. இவருக்கு வந்தது. கோழி பொரிக்கும் கடை ஒன்றுக்குள் கெஞ்சிப் போய் வருவதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவருடைய மகள் அதே வாசலைத் தன் கையில் இருந்த திறப்பால் திறந்துகொண்டு உள்ளே போனாள். இதைப் பிற்பாடு அவளே தாயிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் பகலில் போய், வாசலில் கிடந்த மறுசுழற்சிப் பையைக் கிளறினார். கிழிந்த வாழ்த்து அட்டை ஒன்று கிடைத்தது. அலுவலக நண்பர்கள் கையெழுத்திட்டது. புதுமணத் தம்பதிகளுக்கு என்று அச்சடித்திருந்தது. ராஜீவின் பெயர் முழுதாக இருந்தது. பக்கத்துப் பெயரில் ஆங்கில ஜே எழுத்து மட்டும். மீதியைத் தேநீர்ப் பை ஒன்று கரைத்துவிட்டிருந்தது.

"ஜூலி," என்றார் சிவானந்தன், அட்டையைக் குசினி மேசையில் வைத்து. "வெள்ளைக்காரி. பேரைப் பார்த்தாலே தெரியுது. பெடியன் முதலே கலியாணம் கட்டியிட்டான்."

வெள்ளைக்காரிக்கு மல்லிகைப்பூ எதற்கு என்று செல்வமலர் கேட்கவில்லை. ஜே என்ற எழுத்தில் தொடங்கும் பெயர் இந்த வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கடைசிக் காட்சியில் சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரே அறைக்குள் இருக்க வேண்டும். அதுதான் முறை. உடனே சுந்தரராஜனுக்குத் தொலைபேசி எடுத்தார். ராஜீவின் தகப்பன். எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது, ஞாயிறு நாலு மணிக்குக் குடும்பத்தோடு வாருங்கள், என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை செல்வமலர் அழுத்திய பிளவுசோடு மகளின் அறை வாசலில் போய் நின்றாள். எப்படியாவது சொல்லி எச்சரிப்போம் என்றுதான் போனாள்.

"அப்பா நாளைக்கு எல்லாத்தையும் கதைக்கப் போறார், பிள்ளை."

"தெரியும் அம்மா. ராஜீவின்ர அப்பாவுக்குக் கோல் பண்ணி, எல்லாம் தெரியுமெண்டு சொன்னவராம்." ஜதுர்ஷிகாவின் முகம் அவ்வளவு லேசாக இருந்து தாய் பல மாதமாகக் கண்டதில்லை. "நான் சரியாப் பயந்திட்டன். அப்பா ஓகே எண்டு நினைக்கவே இல்லை. தாங்க்ஸ் அம்மா."

செல்வமலர் பிளவுசைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அந்த முகத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இரவு முழுக்க, மனம் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி படுத்திருந்தாள்.

ஞாயிறு நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சுந்தரராஜன் வேட்டியில் வந்தார், மேலே குளிர்க்கோட்டு. ராஜலட்சுமி பட்டுப்புடவை. கையில் தட்டு. தட்டில் பழம், பூ, வெற்றிலை, ஒரு சேலை. பின்னால் ராஜீவ் இனிப்புப் பெட்டியோடு. சிவானந்தன் தட்டைப் பார்த்துச் சற்று நிதானித்தார். குற்றவாளியின் குடும்பம் பழத்தட்டோடு வருவதை அவர் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஆனால் சமாளித்துக்கொண்டார். இருக்கச் சொன்னார். யாரும் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்றார். சுந்தரராஜன், இங்கே எங்கே போகப்போகிறோம், சம்பந்தி சாப்பாடு போடாமல் விடமாட்டீர்கள் என்று சிரித்தார்.

சிவானந்தன் கணப்படுப்புக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பேசத் தொடங்கினார். முதலில் ரயில், பிறகு மரியாதை, கத்தரிக்காய், முருங்கைக்காய், மல்லிகைப்பூ. ராஜலட்சுமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மருமகளின் தகப்பன் தன் பிள்ளையின் நல்ல குணங்களை அடுக்குகிறார் என்று எண்ணிவிட்டாள் போலும். ஜதுர்ஷிகாவுக்குத்தான் முகம் மாறத் தொடங்கியது. தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தாள்.

சிவானந்தன் அட்டையை எடுத்தார். சுட்டுவிரலைத் தூக்கி ராஜீவுக்கு நேரே நீட்டினார்.

"இவர் ஏற்கெனவே கலியாணம் முடிச்சவர்."

அறையில் ஒருவரும் அதிரவில்லை. அதுதான் அவரைக் குழப்பியது.

"ஆமா," என்றாள் ராஜலட்சுமி. "மார்ச்லயே ஆயிடுச்சே. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சு, அன்னைக்கே கோயில்ல தாலியும் கட்டியாச்சு. உங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொல்லித்தானே கூப்பிட்டீங்க?"

விரல் நீட்டிய இடத்திலேயே நின்றது. அது ராஜீவிலிருந்து மெல்ல நகர்ந்து மகளிடம் வந்து, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் கீழே இறங்கியது. ஜதுர்ஷிகா அழுதபடி, ஒன்றரை வருடம் காத்திருந்தோம், இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டால் விசாரணை என்றீர்கள் என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம். நாலு மாசமாத் தெரியும்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கண்டுபிடிப்பீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான்," என்றாள் செல்வமலர்.

சுந்தரராஜன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். யாரும் போகக்கூடாது என்று சொன்ன அறையிலிருந்து சிவானந்தன் முதல் ஆளாகப் போனார். படியேறி, படுக்கையறைக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் மேலேயிருந்து குரல் வந்தது. அவளுடைய உடுப்புகளைக் கட்டிக்கொடு, இண்டைக்கே போகட்டும், இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்.

அந்தப் பயம்தான் செல்வமலரை நாலு மாதம் ஊமையாக வைத்திருந்தது. இப்போது அது வந்தேவிட்டது. வந்த பிறகு பார்த்தால் படிக்கட்டின் மேலேயிருந்து கத்தும் ஒரு கிழவரின் குரல் அளவுதான் இருந்தது. அவள் படியடியில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு உயர்த்த வராது.

"போவாள். சாப்பிட்டிட்டுப் போவாள். அடுத்த ஞாயிறும் வருவாள். அதுக்கடுத்த ஞாயிறும் வருவாள். உங்களுக்குப் பார்க்கப் பிடிக்காட்டி, அந்த நேரம் மேலயே இருங்கோ."

திரும்பி வந்து, ராஜலட்சுமியின் தட்டை இரண்டு கையாலும் வாங்கிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். மகள் பின்னாலேயே குசினிக்குள் வந்தாள்.

"தெரிஞ்சா ஏன் அம்மா என்னட்டக் கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தனான்."

செல்வமலர் மகளை அணைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு மகளின் கொலருக்குள் இரண்டு விரலை விட்டு, மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்து, பிளவுசுக்கு மேலே நேராகத் தொங்கவிட்டாள். வெயில் படாமல் கிடந்த கயிறு ஈரமாக இருந்தது.

"போய் அவையளுக்குச் சாப்பாட்டைப் போடு."

நாலு பேரும் அவளுமாகச் சாப்பிட்டார்கள். சுந்தரராஜன் இரண்டாம் முறை சோறு கேட்டார். ஆட்டிறைச்சிக் கறி உறைப்பு என்று ராஜீவ் கண்ணைத் துடைத்தான். மேலே ஒரு கோப்பை சோறு போனது. வெறுமையாகத் திரும்பி வந்தது.

இது நடந்து ஒரு வருடமாகிறது. மோர்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிவானந்தன் தொலைபேசியில் சொல்லும் கதையில், மகளின் கலியாணத்தைத் தன்னந்தனியாகத் துப்பறிந்து கண்டுபிடித்தது அவர்தான். கீர்த்தனன் அதை நம்புவதாகச் சொல்கிறார். ஜதுர்ஷிகா பார்க்கிங்கில் கணவனோடு இருக்கிறாள். மாதத்தில் மூன்று ஞாயிறு வருகிறாள். சிவானந்தன் மருமகனோடு நேரே பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் செல்வமலரிடம் சொல்கிறார், அவன் பக்கத்துக் கதிரையில் இருந்தாலும். செல்வமலர் செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து தனியாகப் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போய் வருகிறாள்.